குறிகளை எப்படி வகைப்படுத்துவது? கேள்வி பதில்

கே: அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸ் சொன்ன மூன்று வகைக் குறிகள் எவை?

ப: பொருளை ஒத்திருப்பதால் குறிப்பது உருவக்குறி, வீட்டின் வரைபடம் போல. பொருளோடு நேரடித் தொடர்பு இருப்பதால் குறிப்பது சுட்டுக்குறி; காற்றின் போக்கில் திரும்பும் காற்றுத் திசைகாட்டி போல. வழக்கத்தால் மட்டுமே குறிப்பது மரபுக்குறி. பெரும்பாலான சொற்கள் அப்படி. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இவை பொருள்களைப் போட்டு மூடும் டப்பாக்கள் அல்ல, உறவுகளின் பெயர்கள்.

கே: புகைப்படம் உருவக்குறிதானே?

ப: ஆளைப் போலவே இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சாயல் எப்படி வந்தது? ஆள்மீது பட்ட ஒளி கேமராவுக்குள் பதிந்ததால். அதனால் பியர்ஸ் அதைச் சுட்டுக்குறிகளோடு சேர்த்தார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஓர் ஓவியர் அச்சு அசலாக வரைந்த முகத்தை ஒட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாயல் மட்டும் போதாது. அந்த முகம் கேமராவுக்கு முன்னால் இருந்தாக வேண்டும்.

கே: கால்தடம்? காய்ச்சல்? புகை? (மூவர் தனித்தனியே)

ப: சுட்டு, சுட்டு. புகைக்கு மட்டும் நிற்கிறேன். காட்டில் எழும் புகை தீயைச் சுட்டும். வத்திக்கானில் எழும் வெண்புகை புதிய போப்பாண்டவர் தேர்வானதை அறிவிக்கும், அது மரபு. டப்பா வேண்டாம் என்றது இதற்குத்தான்.

கே: மொத்தம் 66 வகை என்கிறார்களே?

ப: பியர்ஸ் 1903இல் சொன்னது பத்து, 1908இல் ஆங்கிலேய அறிஞரான வெல்பி சீமாட்டிக்கு எழுதியபோது 66. முதலில் மூன்றைப் பழகுங்கள்.

கே: கனவில் பாம்பு வந்தால் என்ன குறி?

ப: ஜோதிடரைக் கேளுங்கள்.

கே: காரணமின்றி இட்டு வழங்கும் பெயர் இடுகுறிப்பெயர் என்று நன்னூல் என்றோ சொல்லிவிட்டது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பில்லை என்ற சுவிஸ் மொழியியலாளர் சசூரின் நூலில், 1916இல் அச்சானதில், என்ன புதுமை?

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். 'மரம்' இடுகுறி, பறப்பதால் 'பறவை' காரணப்பெயர். சரி, 'பற' என்பதற்கு என்ன காரணம்? அங்கே இடுகுறிதான். சசூரும் இதைத் தொட்டார்: பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல்லுக்குக் காரணம் தெரியாது, பத்தொன்பதைக் குறிக்கும் சொல்லில் பத்தும் ஒன்பதும் தெரியும்.

கே: அப்படியானால் நம்மவர்தான் முந்தி!

ப: காலத்தால் முந்தி, மறுக்கவில்லை. நன்னூலில் பவணந்தியார் வகுத்தது பெயர்ச்சொற்களை. சசூர் கேட்டது மொழியோடு சடங்கு, மரியாதை முறை, இராணுவ சைகை எல்லாவற்றையும் அளக்கும் ஓர் இயலை. கேள்வியே வேறு.

கே: 'சலசல' இடுகுறியா? நீர் அப்படித்தானே ஒலிக்கிறது!

ப: சாயல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீர் 'ச' என்று உச்சரிப்பதில்லை.

கே: சிவப்பு விளக்கு எந்த டப்பா?

ப: மேலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.