டீசல் பம்பைக் கழற்றும் முன் கேளுங்கள்

2024ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ல் திறக்கவில்லை, ஜூலை 28ல்தான் திறந்தது. இன்ஜின் வைத்து இறைக்கும் பில்டர் பாயிண்ட்டை (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) நம்பித்தான் பலரும் குறுவை செய்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் இன்ஜின் நின்றால் நாற்று கருகும். மன்னார்குடிப் பக்கம் டீசல் பம்ப் (தண்ணீர் பம்ப் அல்ல, இன்ஜினுக்குள் டீசலைத் தள்ளும் பம்ப்) வேலை பார்க்கிறவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் சில.

வலங்கைமான்: அண்ணே, நாலு மாசம் கொட்டகையில கிடந்த 5 எச்.பி. இன்ஜின். எவ்வளவு சுத்தினாலும் புகைகூட வரல. பம்ப் போயிடுச்சு, புதுசு போடணும்கிறாங்க.

அவசரப்படாதீங்க தம்பி. முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா, பில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஏர். நாசில், அதாவது டீசலைப் பீச்சும் முனை, திறக்க சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். லைனில் காற்று இருந்தால் பிளஞ்சர் (பம்புக்குள் டீசலை அமுக்கும் தண்டு) அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது. பில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, நுரை அடங்கி டீசல் நூல் பிடித்தாற்போல வழியும்வரை விடுங்கள். அதை இறுக்கிவிட்டு, பம்ப் பக்கமும் அப்படியே செய்யுங்கள். கடைசியாக நாசில் பக்கத்து நட்டை அரைச் சுற்று தளர்த்தி ஹேண்டில் போடுங்கள். குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். மறுபடி சுத்தும்போது நாசிலில் ‘கிர்க், கிர்க்’ என்று கேட்டால் உங்கள் பம்ப் உயிரோடுதான் இருக்கிறது. நல்ல பம்பைத் தூக்கிப்போட்டுக் கடன் வாங்கி வேறு பம்ப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

திருத்துறைப்பூண்டி: ஐப்பசி மழையில சம்பா வயல் மூழ்கி, தண்ணி வடிக்க ஓட்டினேன். விக்கி விக்கி நிக்குது.

டீசலில் தண்ணீர். பில்டர் அடியில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், தண்ணீர் கீழே தங்கிவிடும். டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றுங்கள். கேனை வரப்பில் திறந்து வைக்காதீர்கள். சாயந்திரம் டேங்கை நிரப்பி வைத்தால் ராத்திரி உள்ளே வேர்க்காது.

பாபநாசம்: பிளஞ்சர் மட்டும் தேஞ்சிருக்கு. அதை மட்டும் வாங்கிப் போடலாமா?

கூடாது. பிளஞ்சரும் அது ஓடும் குழலான பேரலும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்திய ஜோடி. நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிசு. எலிமெண்ட், அதாவது அந்த ஜோடியை, முழுசாக மாற்றுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். டீசலின் வழவழப்பில்தான் பிளஞ்சர் தேயாமல் ஓடுகிறது.

நீடாமங்கலம்: பம்பைக் கழற்றி நானே மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் பிசாசு மாதிரி கத்துச்சு. ஓடிட்டேன்.

ஓடினது நல்லது. பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டுதான் ரேக், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். ரேக்கின் முனை, கவர்னர் லீவரின் கவட்டைக்குள் உட்கார வேண்டும். பக்கத்தில் நின்றுவிட்டால் கவர்னருக்குப் பிடி கிடையாது, டீசல் முழுசாகப் பாயும். நிமிஷத்துக்கு 1500 சுற்றில் ஓட வேண்டியது எகிறிப்போய், சக்கரமே தெறிக்கலாம். மாட்டியதும் லீவரை அசைத்து, ரேக் கூடவே அசைகிறதா என்று பார்க்காமல் ஹேண்டிலைத் தொடாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் கிளீனரைக் கழற்றி வைத்து, காற்று போகும் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஆள் நிற்கட்டும். கையால் அடைக்கக் கூடாது.

பம்புக்கு அடியில் இருந்த தகடுகளை எண்ணி வைத்தீர்களா? அத்தனையும் திரும்பப் போக வேண்டும். தகடு கூடினால் டீசல் தாமதமாகப் பாயும், புகையும் சூடும் வரும். குறைந்தால் முந்திப் பாயும், இன்ஜின் தட்டும்.

பட்டுக்கோட்டை: ஐயா, மகன் கனடாவுல இருக்கான். வீட்டைச் சூடாக்குற எண்ணெய் பர்னர் நின்னுபோச்சாம். மறுபடி ஸ்டார்ட் பண்ற பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கான்.

உடனே நிறுத்தச் சொல்லுங்கம்மா. பற்றாத எண்ணெய் ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே சேரும், பிறகு ஒரேயடியாகப் பற்றும். அந்தப் பம்புக்கும் எண்ணெய் தீர்ந்தால் ஏர் பிடிக்கும், பில்டர் அடைக்கும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் உடைந்தாலும் எண்ணெய் வராது. அங்கே லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடட்டும்.

கூத்தாநல்லூர்: நாசில் பீச்சுதான்னு பாக்க விரலை வச்சேன். சின்னப் புள்ளிதான், வலியே இல்ல.

இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வலி பிறகுதான் வரும், அதற்குள் விரலே போய்விடலாம். ‘டீசல் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.