குசினிப் பதில்கள்: பியரில் வேகும் மாட்டிறைச்சி

போன இதழில் பெல்ஜியத்தின் கென்ற் நகரத்துக் குளிரைப் பற்றி எழுதும்போது, பியரில் மெல்ல வேகவைத்த மாட்டிறைச்சி, அதுதான் ‘ஸ்டோஃப்லேஸ்’, ஒரு கோப்பை இருந்தால் எந்தக் குளிரையும் தாங்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதுதான் வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. மீன், மரக்கறிக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரசெல்ஸ் போனபோது உணவகத்தில் ‘கார்பொனாட் ஃப்ளாமான்ட்’ என்று சாப்பிட்டோம். நீங்கள் எழுதிய ஸ்டோஃப்லேசும் அதுவும் ஒன்றா? வீட்டில் எப்படிச் செய்வது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: ஒன்றேதான் அக்கா. நாட்டில் இரண்டு மொழி இருந்தால் சட்டிக்கும் இரண்டு பெயர். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு அது ஃப்ளாண்டர்ஸ் நாட்டுக் கார்பொனாட். டச்சு பேசுகிற ஃப்ளெமிஷ்காரருக்கு ஸ்டோஃப்லேஸ், அதாவது மெல்ல அவித்த இறைச்சி. நான் வேலை செய்கிற கென்ற் பக்கத்தில் ‘ஸ்டோவெரெய்’ என்பார்கள். கார்பொனாட் என்ற சொல்லின் வேர் கரி. தணலில் சுட்ட இறைச்சிக்கு இருந்த பெயர் பிறகு சட்டிக்குள் இறங்கிவிட்டது. கரியில் பிறந்த பெயர் கறிக்கு வந்து சேர்ந்த கதை.

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சி, நாலு பெரிய பம்பாய் வெங்காயம், 750 மில்லிலீற்றர் மண்ணிறப் பியர் வேண்டும். இறைச்சியைப் பெரிய துண்டாக, 4 அல்லது 5 சென்ரிமீற்றர் அளவில் வெட்டுங்கள். எங்கள் ஆட்கள் கறிக்கு வெட்டுகிற மாதிரிச் சின்னதாக வெட்டினால் மூன்று மணித்தியாலத்தில் நார்தான் மிஞ்சும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் போட்டு, அடி கனத்த சட்டியில் பட்டர் விட்டு ஒரு தடவைக்கு நாலைந்து துண்டாகப் பொரியுங்கள். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். ஒவ்வொரு துண்டும் இரண்டு பக்கமும் நல்ல மண்ணிறமாக வரும்வரை கை வைக்காதீர்கள். சட்டியின் அடியில் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த ஒட்டுத்தான் பிறகு குழம்பின் நிறம்.

இறைச்சியை எடுத்துவிட்டு அதே சட்டியில் வெங்காயம். இந்த இடத்தில்தான் அநேகம் பேர் அவசரப்படுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடியாகியவுடன் பியரை ஊற்றிவிடுகிறார்கள். அரை மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் வைத்து, புளியம்பழத்தின் நிறத்துக்கு வரும்வரை கிளற வேண்டும். வெங்காயத்தின் தண்ணீரில் அடியில் ஒட்டியதெல்லாம் தானாகவே கிளம்பிவரும். பிறகு ஒரு மேசைக்கரண்டி மா தூவிப் பிரட்டி, இறைச்சியைத் திரும்பப் போட்டு, பியரை ஊற்றுங்கள். இரண்டு கொத்து தைம், இரண்டு லோரியர் இலை (ஆங்கிலத்தில் ‘பே லீஃப்’), இரண்டு கராம்பு, ஒரு மேசைக்கரண்டி மண்ணிறச் சீனி, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி.

இனிப் பாண். (பாண், வினாகிரி, குசினி மூன்றும் போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள். நான் கென்றில் நின்று இந்தச் சமையலைத் தமிழில் சொல்ல அவை மூன்றும் வேண்டியிருக்கிறது.) இரண்டு துண்டு தவிட்டுப் பாணில் கடுகு விழுதைத் தடிப்பாகப் பூசி, பூசிய பக்கம் கீழே இருக்கும்படி சட்டியின் மேல் மூடி வையுங்கள். கிளற வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் பாண் தானாகவே ஊறி, உடைந்து, குழம்பில் கரைந்துவிடும். குழம்பைத் தடிப்பாக்குவதும் அதுதான், கடுகின் காரத்தைக் குழம்பு முழுவதும் கொண்டுபோவதும் அதுதான். சிலர் பாணுக்குப் பதிலாக ‘பேப்பர்கூக்’ என்ற தேன் கேக் போடுவார்கள். பெயரில் மிளகு இருந்தாலும் மூக்குக்கு முதலில் வருவது கறுவாதான். அது போட்டால் சீனியை விட்டுவிடுங்கள்.

கடுகு விழுது எதுவும் சரி, இனிப்புக் கலக்காததாகப் பாருங்கள். கென்றுக்கு வந்தால் க்ரூன்டன்மார்க்ட் என்ற பழைய மரக்கறிச் சந்தைச் சதுக்கத்தில் டீரென்டெய்ன் என்ற கடுகுக் கடை இருக்கிறது. மரப்பீப்பாயிலிருந்து அள்ளித் தருவார்கள். முதல் தடவை நாக்கில் வைத்தபோது எனக்கு மூக்கு வழியாக மண்டைக்கு ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் பார்த்த ஆள் என்று எனக்கிருந்த எண்ணம் அன்றைக்குப் போனது.

மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, மூன்று மணித்தியாலம். குமிழி ஒன்று, பிறகு கொஞ்சம் கழித்து இன்னொன்று, அவ்வளவு நெருப்புப் போதும். நான் இந்த நாட்டில் முதலில் கோப்பை கழுவின குசினியில் தலைமைச் சமையற்காரர் ஒரு கிழவர். நான் அகப்பையைத் தூக்கும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டு ஒரே வசனம்தான் சொல்லுவார். எங்கள் பேச்சில் சொன்னால், “விடு, அது தன்ர பாட்டில கிடக்கட்டும்.”

கேள்வி: எந்தப் பியர்? எங்கள் ஊர்க் கடையில் பெல்ஜியப் பியர் மட்டும் முப்பது வகை இருக்கிறது. நான் குடிக்கிறவன் இல்லை.
– ஒரு வாசகர், ஒஸ்லோ

பதில்: குடிக்காதவர் கேட்பதுதான் நல்லது. குடிக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சட்டிக்குள் ஊற்றிவிட்டுப் பிறகு எனக்கு எழுதுகிறார்கள்.

பியரில் கசப்பு வருவது ஹொப் என்ற பூவிலிருந்து. மூன்று மணித்தியாலம் வற்றும்போது தண்ணீர் ஆவியாகும், மதுசாரம் போகும், ஆனால் கசப்பு எங்கும் போகாது. அரைவாசியாக வற்றினால் கசப்பு இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே மஞ்சள் நிறப் பில்ஸ் வேண்டாம், ஹொப் கூடப் போட்ட ‘ஐபிஏ’ என்று போத்தலில் எழுதியிருந்தால் கிட்டவும் போக வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு நத்தார் அன்று மனைவியின் ஆட்கள் பதினொரு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரிய சமையற்காரன் என்ற பெயர் எனக்கு. மண்ணிறப் பியர் போதவில்லை என்று யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன நாலு போத்தல் கசப்புப் பியரைச் சேர்த்துவிட்டேன். மூன்று மணித்தியாலம் கழித்து ருசி பார்த்தால் வேப்பங்கொழுந்து. சீனி போட்டேன், இனிப்பான வேப்பங்கொழுந்து. கடைசியில் குழம்பை ஊற்றிவிட்டு, இறைச்சியைச் சுடுதண்ணீரில் அலசி, மனைவி அரைமணித்தியாலத்தில் யாழ்ப்பாணத் தூளும் தேங்காய்ப்பாலும் போட்டுப் பிரட்டல் ஆக்கினாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இன்றுவரை மாமி, “அந்த பெல்ஜியம் கறி ஒருக்கா வையுங்கோ தம்பி” என்று கேட்பார்.

சரி, வாங்க வேண்டியது. இரண்டு வழி இருக்கிறது. இனிப்புப் பக்கம் போனால் மடத்துத் துறவிகள் வடிக்கிற மண்ணிறப் பியர்: வெஸ்ட்மால் டுப்பெல், அல்லது சிவப்பு மூடிச் சிமே. இரண்டும் 7 வீத மதுசாரம். காய்ந்த முந்திரிகை வற்றல், எரிந்த சீனி மாதிரி ஒரு ருசி குழம்புக்கு வரும். புளிப்புப் பக்கம் போனால் எங்கள் பக்கத்துப் பியர்: கென்றுக்குத் தெற்கே ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் ஊடனார்ட என்ற ஊரின் பழைய மண்ணிறப் பியர், அல்லது ரூசலார ஊரின் ரோடன்பாக். ரோடன்பாக்கைப் பெரிய ஓக் மரப்பீப்பாய்களில் வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். இதைப் போட்டால் வினாகிரி தேவையில்லை, சீனி அரைக்கரண்டி கூடப் போடுங்கள். பிரசெல்ஸ் ஆட்கள் தங்கள் ‘கேஸ’ பியரை ஊற்றுவார்கள், அது இன்னும் புளி. புளிக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த எனக்குப் புளிப்பு வழிதான் சரி.

10 வீதம், 11 வீதம் என்று விலை கூடின போத்தலை இதற்குள் ஊற்றுவது காசைக் கரியாக்குகிற வேலை.

கேள்வி: சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முஸ்லிம் நண்பர்களும் வீட்டுக்கு வருவார்கள். வேகும்போது மதுசாரம் முழுவதும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், அன்ற்வேர்ப்பன்

பதில்: முழுவதும் போகாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கலந்து வேகவைத்தால் அரை மணித்தியாலத்தில் 35 வீதம் மிச்சமிருக்கும், ஒரு மணித்தியாலத்தில் 25 வீதம், இரண்டரை மணித்தியாலத்தில் 5 வீதம். 7 வீதப் பியர் 750 மில்லிலீற்றர் என்றால் அதில் மதுசாரம் ஏறக்குறைய 52 மில்லிலீற்றர். அதில் 5 வீதம் இரண்டரை மில்லிலீற்றர் சொச்சம். ஆறு கோப்பைக்குப் பிரித்தால் கோப்பைக்கு அரை மில்லிலீற்றர்கூட வராது. பெல்ஜியத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பது உங்கள் தீர்மானம்.

நண்பர்கள் விஷயம் வேறு. அங்கே கணக்குக் கதை இல்லை. துளி என்றாலும் துளிதான். சொல்லாமல் போடுவது பெரும் பிழை. அவர்கள் வருகிற நாளில் ஹலால் கடை இறைச்சியை வாங்கி, பியருக்குப் பதிலாக மதுசாரமே இல்லாத மோல்ட் பானம் ஒரு போத்தலும் மாட்டெலும்பு அவித்த தண்ணீர் மூன்று கோப்பையும் ஊற்றுங்கள். மோல்ட் பானம் நல்ல இனிப்பு, ஆகவே சீனியை விட்டு வினாகிரியை இரட்டிப்பாக்குங்கள். ‘மதுசாரம் அற்ற’ பியர் என்று விற்பதில் அரை வீதம்வரை இருக்கலாம், எழுத்தை வாசித்து வாங்குங்கள்.

கேள்வி: லூவனில் படிக்கிறேன். சுப்பர்மார்க்கெட்டில் கொழுப்பே இல்லாத நல்ல சிவப்பு இறைச்சியாகப் பார்த்து வாங்கி, ஒன்றேகால் மணி நேரம் வேகவைத்தேன். செருப்புத் தோல் மாதிரி இருந்தது. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய குக்கரில் வைக்கலாமா?
– ஒரு மாணவர், லூவன்

பதில்: தம்பி, கொழுப்பில்லாத நல்ல இறைச்சி என்றீர்களே, பிழை அங்கேதான். இதற்கு வேண்டியது மாடு அதிகம் வேலை வாங்கின சதை: தோள், கழுத்து, கன்னம். அவற்றுக்குள் வெள்ளை நாரும் சவ்வும் ஓடும். அந்தச் சவ்வுதான் நீண்ட நேரச் சூட்டில் கரைந்து பசையாகி, குழம்பை உதட்டில் ஒட்டவைக்கிறது. ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறைச்சி இறுகிப்போய் நிற்கும், சவ்வு இன்னும் கரைந்திருக்காது. அந்த நேரத்தில் யார் சாப்பிட்டாலும் தோல்தான். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் விட்டிருந்தால் அதுவே கொஞ்சமாவது இளகியிருக்கும்.

இறைச்சிக்கடையில் ‘ஸ்டோஃப்லேஸ்’ என்று கேட்டாலே வெட்டித் தருவார்கள். துணிவிருந்தால் ‘ருண்டர்வாங்’ கேளுங்கள், மாட்டின் கன்னம். முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டிவரும். நான் வீட்டில் பாதி தோளும் பாதி கன்னமும் போடுவேன். கென்றில் பழைய ஆட்கள் ஈரலும் சேர்ப்பார்கள்.

குக்கரில் வைக்கலாம், 45 நிமிடத்தில் இறைச்சி பஞ்சாகிவிடும். ஆனால் குழம்பு வற்றாது, பியர் பச்சையாக மணக்கும். குக்கரில் பியரைக் குறைத்து ஊற்றி, திறந்த பிறகு இறைச்சியை வேறாக எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் அரை மணித்தியாலம் வற்றவிடுங்கள். கடுகுப் பாணையும் அப்போதுதான் போட வேண்டும், முதலில் போட்டால் அடிப்பிடிக்கும்.

கேள்வி: கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், டோட்முண்ட்

பதில்: போட்டால் அது வேறு கறி. முதல் தடவை போடாமல் சமையுங்கள். பிறகு உங்கள் சட்டி, உங்கள் தூள்.

கேள்வி: இதை எதோடு சாப்பிடுவது? சோறு சரிவருமா?
– ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: இங்கே கேட்டால் ஒரே பதில்தான், ‘ஃப்ரீட்’, பொரித்த கிழங்கு. பிஞ்ச என்ற கிழங்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, மாட்டுக் கொழுப்பில் இரண்டு தடவை பொரிப்பார்கள். முதலில் 150 பாகையில் ஐந்தாறு நிமிடம், நிறம் மாறாமல், உள்ளே வேக மட்டும். எடுத்து அரை மணித்தியாலம் ஆறவிட்டு, பிறகு 180 பாகையில் நிறம் வரும்வரை. வீட்டில் எண்ணெயிலும் வரும், மணம்தான் கொஞ்சம் குறையும். பக்கத்தில் மயோனேஸ். கிழங்குக் கடைகளில் இறைச்சிக்குக் காசில்லாத மாணவர்கள் கிழங்கின் மேல் ஸ்டோஃப்லேஸ் குழம்பு மட்டும் ஊற்றித் தரச்சொல்லி வாங்குவார்கள். குழம்புக்குள் தப்பித்தவறி ஒரு துண்டு இறைச்சி அகப்பட்டால் அன்றைக்கு அவர்களுக்கு அதிர்ஷ்டம்.

சோறு எனக்குச் சரிவரவில்லை. குழம்பு இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் சோற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. முதல் நாள் சமைத்து அடுத்த நாள் சூடாக்கினால் ருசி கூடும் என்பதால், எங்கள் வீட்டில் சனிக்கிழமை வைத்து ஞாயிறு சாப்பிடுவோம். அப்போதும் திங்கட்கிழமைக்குக் கொஞ்சம் மிஞ்சும். கென்றில் பிறந்த என் இரண்டு பிள்ளைகளும் அதைப் புட்டில் ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். வேலையிடத்தில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.