வளைகாப்புக்குப் பறவைக்கூட்டுப் படம் கொடுக்கலாமா?

கேள்வி: மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கில வாழ்த்து அட்டைகள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் கூடு, நான்கு நீல முட்டைகள், விளிம்பில் ஒரு பறவை. மற்றதில் பனியில் மல்லாந்து கிடக்கும் சிவப்பு மார்புக் குருவி. அக்கா மகளின் வளைகாப்புக்குப் பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. முட்டைப் படம் ஆகாது என்கிறார் மாமியார். போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: கூட்டுப் படத்தைத் தாராளமாகக் கொடுங்கள். மற்றது வேண்டாம்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் முட்டையோடு கூடிய கூடு என்றால் வசந்தம், புதுக் குடித்தனம், பிறக்கப்போகும் குழந்தை. ஈஸ்டர் அட்டைகளில் உயிர்த்தெழுதலையும் குறிக்கும். கூடுகளை வரைந்தே பெயர் வாங்கிய வில்லியம் ஹென்றி ஹன்ட் (1790–1864) என்ற ஓவியரை 'பறவைக்கூடு ஹன்ட்' என்றே அழைத்தார்கள். உங்கள் படத்தில் முட்டைகள் புள்ளியே இல்லாத நீலம். அது டன்னக் என்ற சின்னக் குருவியின் முட்டை. நம்மூர் மைனா முட்டையும் நீலம்தான்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். வலது ஓர முட்டையில் ஒரு கோடு தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். அட்டையின் மடிப்பு என்றால் கோடு முட்டையைத் தாண்டிக் கூட்டின் நாரிலும் ஓடும். முட்டைக்குள்ளேயே நின்றுவிட்டால் வரைந்த விரிசல். பிரெஞ்சு ஓவியர் கிரூஸ் 1756இல் வரைந்த படத்தில் சிதறிக் கிடக்கும் முட்டைகள் ஒரு பெண் இழந்த கன்னிமையைச் சொல்கின்றன. அப்படியொரு பொருள் வளைகாப்பு வீட்டுக்கு எதற்கு? தாய்ப்பறவை எங்கே என்பதும் முக்கியம். உங்கள் படத்தில் உள்ளே குனிந்து பார்க்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தச் சிவப்பு மார்புக்காரர் ராபின். அன்றைய தபால்காரர்களின் சீருடை சிவப்பு, அவர்களுக்கும் ராபின் என்றே பட்டப்பெயர். அதனால் உயிருள்ள ராபின் என்றால் நல்ல சேதி. செத்த ராபின் போட்ட கிறிஸ்துமஸ் அட்டைகளும் விற்றன. குளிரில் வாடும் ஏழைகள்மேல் இரக்கம் வர என்று விளக்கம் சொல்வார்கள். அதை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. நம் சுவர்ப் படங்களில் ஆண்டாள் கையில் கிளி, தமயந்தி எதிரே அன்னம் என்று பறவைகள் உண்டு; முட்டை அரிது. ஆனால் வீட்டில் குருவி கூடு கட்டினால் நாம் கலைக்க மாட்டோமே, அதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், கண்ணாடி அட்டையில் படாதபடி நடுவே மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள். சென்னை ஈரக்காற்றில் பட்ட இடம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் வண்ணம் உரிந்துவிடும்.