மகன் கேட்கும் ஆன்லைன் வகுப்பு: பணம் கட்டும் முன்

முக்கூடலில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பி.காம் முடித்த மகன், ஒரு தொழிலதிபர் ஆன்லைனில் நடத்தும் சுயமுன்னேற்ற வகுப்புக்கு 25,000 ரூபாய் கேட்கிறான், மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அதற்காக, "எல்லாம் ஏமாத்து வேலை" என்று அவனிடம் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடாதீர்கள். இன்டர்வியூவில் பேச்சு வராமல் தவிக்கிற பிள்ளைதான் இப்படி வழி தேடுவான். அவன் தவிப்பு நிஜம்.

தொழில் செய்தவரிடம் கற்க நிறைய இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர், கடைக்காரரின் மனம் கோணாமல் பாக்கியை வசூலிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினால், கல்லூரியில் கிடைக்காத பாடம் அது. ஆனால் பலருக்கு இன்று வகுப்பு நடத்துவதே தொழில். இவருக்கு எதில் வருமானம் என்று விசாரியுங்கள். அவருடைய ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், யார் பெயரில் எப்போது பதிவானது என்று தெரிந்துவிடும். இதை மகனையே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த இலவச வகுப்பை அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே இருக்கும். அப்புறம் திரை ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 50,000 என்ற விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பாதி விலையைக் காட்டுவார்கள். "இன்று இரவு வரைதான்" என்பார்கள். மறுநாள் போன் வரும், மாதத் தவணையில் கட்டலாம் என்று. பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன்தான். பையன் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண் இறங்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும்.

சரி, அதுவரை என்ன செய்வது? ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்திலும், மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் பேச்சுத்திறன், ஆளுமை வளர்ச்சிப் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் காசில்லை, சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நிறுத்தி நிறுத்திக் கேட்கட்டும். தமிழக அரசின் நான் முதல்வன் தளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த வீடியோவும் கூச்சத்தைப் போக்காது அம்மா, வாய் திறந்து பேசினால்தான் போகும். சாயங்காலம் நீங்கள் தார்சாவில் (வீட்டு முன்கட்டில்) தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது, அவன் எதிரே நின்று தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். போனில் பதிவு செய்து அவனே கேட்கட்டும். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

ஒரு மாதம் இதை விடாமல் செய்த பிறகும் அந்த வகுப்பு வேண்டும் என்றால், சேரலாம். நேரடி வகுப்பா, பதிவு செய்த வீடியோவா, அவன் செய்வதைத் திருத்த ஆள் உண்டா, விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நம் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

மகனிடம் அந்த வகுப்பின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நானும் படித்துப் பார்க்கிறேன்.