இன்னாத உலகில் இனியவை காண்பது எப்படி? புறநானூறு 194 குறித்த கேள்வி பதில்

புறநானூற்றின் 194ஆம் பாடலைப் பற்றி நண்பர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஏழே அடிகள்தாம் என்பதால் முதலில் பாடலையே படித்துவிடுவோம்.

ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்பப்,
புணர்ந்தோர் பூவணி அணியப், பிரிந்தோர்
பைதல் உண்கண் பனிவார்பு உறைப்பப்,
படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்;
இன்னாது அம்ம, இவ்வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந் தோரே.

கேள்வி (கும்பகோணம், பள்ளி ஆசிரியை): ஐயா, இந்தப் பாடலை மாணவர்களிடம் சொல்லும்போது, "உலகம் நிலையில்லாதது, ஆகவே பற்றை விடு" என்றுதான் சொல்லி முடிக்கிறோம். அது சரியான பொருளா?

பதில்: அம்மா, அந்தப் பொருளுக்கு மரபின் துணை உண்டு. பாடலின் துறை பெருங்காஞ்சி. அது நிலையாமையைப் பேசும் துறை. பழைய உரைகாரரும் "இனிய" என்பதை வீட்டின்பம் தரும் நற்செயல்கள் என்றே கொண்டார். ஆனாலும் பாடலின் சொற்களோடு மட்டும் நின்று பார்த்தால், அது துறவை நோக்கி நம்மைத் தள்ளுவதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வீட்டில் நெய்தல் என்னும் சாப்பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. காதலரோடு கூடியிருப்பவர்கள் பூச்சூடுகிறார்கள். பிரிந்தவர்களின் மை தீட்டிய கண்களிலிருந்து நீர் வடிகிறது. இவை நான்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாலடியாரில் ஒரு வெண்பா உண்டு: மன்றத்தில் ஒலித்த மணப்பறையே அன்றைக்கே, அங்கேயே, பிணப்பறையாகவும் மாறக்கூடும் என்று அறிந்து, பெரியோர் மனம் தப்பிச் செல்லும் வழியையே உறுதியாக நாடும் என்கிறது அது. அங்கே இன்பம் துன்பமாக மாறுகிறது. ஆகவே இன்பத்தை நம்பாதே என்ற முடிவு வருகிறது. நன்கணியாரின் பாடலில் எதுவும் எதுவாகவும் மாறவில்லை. முழவும் பறையும் அக்கம்பக்கமாக ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் இரண்டு பாடல்களையும் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி (திருநெல்வேலி, அரசு மருத்துவமனைச் செவிலியர்): எங்கள் மருத்துவமனையில் ஒரு பக்கம் பிரசவ வார்டு, இன்னொரு பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவு. பணி முடிந்து வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு சிரித்தால், அன்று இறந்துபோனவரின் குடும்பத்துக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. இந்தக் குற்ற உணர்விலிருந்து எப்படி மீள்வது?

பதில்: சகோதரி, நன்கணியார் எழுதிய இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்று ஊதியத்துக்கு வேலை செய்பவர் நீங்கள். இந்தப் பாடலை எங்களைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

பூச்சூடிய பெண்ணைப் பார்த்து, "பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கிறதே, உனக்கு வெட்கமில்லையா?" என்று புலவர் கேட்கவில்லை. அவருடைய கடுஞ்சொல் முழுவதும் படைத்தவன் மீதே பாய்கிறது. "பண்பிலாளன்" என்ற வசையை அவர் அவனுக்குத்தான் கொடுக்கிறார். மகிழ்ந்திருக்கும் மனிதருக்கு அதில் ஒரு துளியும் கொடுக்கவில்லை. உலகம் ஏற்றத்தாழ்வாக இருப்பதற்குப் பொறுப்பு உங்கள் சிரிப்பின் மீது விழாது. இறந்தவருக்கு நீங்கள் செய்ய வேண்டியதைப் பணிநேரத்தில் செய்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது வீட்டில் காத்திருக்கிறது. துயரத்தைக் கண்ட பிறகும் சிரிக்க முடிகிறவரே மறுநாள் மீண்டும் அந்த வார்டுக்குள் மனிதராக நுழைய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே உங்கள் வீட்டு மகிழ்ச்சியை, உங்கள் பணியைச் சாத்தியமாக்கும் ஒன்றாகவே கருதுங்கள்.

கேள்வி (திருச்சி): நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று திட்டும் பாடலை எப்படி ஏற்பது?

பதில்: வள்ளுவரும், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்று உலகைப் படைத்தவனையே சபித்தவர்தான் (குறள் 1062). பிறர் துன்பத்தைக் கண்டு நெஞ்சு கொதித்தவர்களின் சொல் இது. நம்பிக்கை உள்ளவர் அதை முறையீடாகப் படிக்கலாம். அடியார்கள் இறைவனிடம் முறையிட்டதும் சண்டையிட்டதும் நம் பக்தி மரபில் நிறையவே உண்டு.

கேள்வி (சென்னை, மென்பொருள் துறை): கைப்பேசியைத் திறந்தால் போர், பஞ்சம், அநீதி. இவ்வளவும் நடக்கும்போது என் மகிழ்ச்சியைத் தேடுவது சுயநலம் இல்லையா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியில் நான் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். நன்கணியாரின் காதில் விழுந்தது ஊருக்குள் ஒலித்த பறை. பறை என்பது வெறும் ஓசை அன்று. அது ஊருக்குச் செய்தி, வரச்சொல்லும் அழைப்பு. அதைக் கேட்டவர் எழுந்து நடந்து போய் அந்த வீட்டு வாசலில் நிற்கலாம், பாடை கட்ட உதவலாம், அழுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். துயரச் செய்தியும் அதற்குச் செய்யக்கூடிய காரியமும் சேர்ந்தே வந்தன. நமக்கோ ஆயிரம் வீடுகளின் நெய்தற்பறை ஒரே நாளில் கேட்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடந்துபோக வழி இல்லை. செயலாக மாற முடியாத இரக்கம் உள்ளேயே தேங்கிக் குற்ற உணர்வாகவும், நாளடைவில் மரத்துப்போதலாகவும் மாறிவிடுகிறது.

ஆகவே, நடந்துபோக முடிகிற வீடு எது என்று பாருங்கள். அது உங்கள் அடுக்ககத்தில் தனியாக இருக்கும் முதியவராக இருக்கலாம். மாதம் ஒரு தொகை அனுப்பக்கூடிய தொலைதூர முகாமாகவும் இருக்கலாம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் ஏன் இன்னும் நிலைத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு சொன்ன விடை புறநானூற்றின் 182ஆம் பாடலில் இருக்கிறது: அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள், "தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர்" இருப்பதால்தான் உலகம் இருக்கிறது. உலகம் நல்லது என்று அவர் சொல்லவில்லை. சிலருடைய உழைப்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றார். அந்தச் சிலரில் ஒருவராக இருக்கும் வாய்ப்பு உங்களுக்கும் உண்டு. அதில் கிடைக்கும் மகிழ்ச்சியைச் சுயநலம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம்): என் மகன் விபத்தில் போய்விட்டான். "இனியவற்றைப் பார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பாடலை உங்களிடம் ஆறுதலாகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அழுகிறவரின் கண்ணீரைப் பாடும் அடியில் நன்கணியார் அறிவுரை எதையும் சேர்க்கவில்லை. அழுகையை அழுகையாகவே விட்டுவிட்டார்.

பறம்பு மலை வீழ்ந்து, தந்தையும் இறந்த பின்னர்ப் பாரியின் மகளிர் பாடியது 112ஆம் பாடல். அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான் பாடல். அதற்கு மேல் ஒரு தேற்றமும் இல்லை. இழப்பை அப்படியே சொல்லிவிட்டு நிறுத்தும் உரிமை உங்களுக்கும் உண்டு. யாராவது உங்கள் அருகில் பேசாமல் உட்கார்ந்திருக்க முன்வந்தால், அவரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்): வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் இந்தத் தத்துவம் பொருந்தும். கடனில் இருப்பவனுக்கு இனியது என்ன இருக்கிறது?

பதில்: வறுமையைப் புனிதமாக்கும் பேச்சு எனக்கும் உடன்பாடு இல்லை, சங்கப் புலவர்களுக்கும் அது உடன்பாடு இல்லை. பெருஞ்சித்திரனார் தம் வீட்டுப் பசியையும், பாலற்ற மார்பைச் சுவைத்து ஏமாறும் குழந்தையையும் மறைக்காமல் பாடியவர். பசி தீர வேண்டும் என்று அவர் வள்ளல்களின் வாயிலுக்கே நடந்தார். உங்கள் கடனும் முதலில் தீர வேண்டியதுதான். அதற்காகக் கூலி உயர்வு கேட்பதும், சங்கம் சேர்வதும், வட்டிக்காரரிடமிருந்து சட்டப்படி பாதுகாப்புத் தேடுவதும் மன அமைதிக்கு எதிரான செயல்கள் அல்ல.

அதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெரும்பரிசில் பெற்று வந்ததும் மனைவியிடம் சொன்னதைக் கேளுங்கள் (பாடல் 163). உன்னை விரும்பி வாழ்பவர்க்கும், நீ விரும்பி வாழ்பவர்க்கும், நம் பசி தீரக் கடன் தந்தவர்க்கும் கொடு, இன்னாருக்கு என்று பாராமல், என்னையும் கேட்காமல், சேர்த்து வைத்து நாம் நன்றாக வாழ்வோம் என்றும் எண்ணாமல், "எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழ வோயே!" பசியை நேரில் அறிந்த மனிதரின் வாயிலிருந்து வருவதால்தான் இந்தச் சொல் என்னை இவ்வளவு அசைக்கிறது. நிதித் திட்டமாக இதைப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று இருந்த மகிழ்ச்சி, பரிசிலின் அளவால் மட்டும் வந்ததன்று.

கேள்வி (கோவை): நரை தோன்றாததற்குக் காரணம் சொல்லும் பிசிராந்தையார் பாடல் (191) எனக்குப் பிடிக்கும். ஆனால் நல்ல மனைவி, நல்ல மக்கள், நல்ல அரசன், நல்ல ஊர் எல்லாம் அமைந்தவருக்குக் கவலை இல்லாததில் என்ன வியப்பு?

பதில்: அந்தப் பாடல் பிறந்த இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோப்பெருஞ்சோழன் மீது அவனுடைய பிள்ளைகளே படையெடுத்து வந்தார்கள். அவனும் போருக்கு எழுந்தான். புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். பிறகு அவன் வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். பாண்டிய நாட்டில் இருந்த பிசிராந்தையாரும் அவனும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை. இருந்தும், செல்வக் காலத்தில் வராமல் இருந்தாலும் அல்லற் காலத்தில் அவர் வராமல் நிற்கமாட்டார் என்று சோழன் சொன்னான். தன் அருகில் அவருக்கு இடம் ஒதுக்கி வைக்கவும் சொன்னான். அவரும் வந்தார். அங்கிருந்த சான்றோர், இத்தனை ஆண்டுகள் ஆகியும் உமக்கு நரை இல்லையே என்று கேட்டபோது சொன்ன விடைதான் 191ஆம் பாடல். சொன்னவர் தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார்.

பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஒருவன் சாகக் காத்திருக்கும் இடத்தில், நண்பனோடு சேர்ந்து இறக்க வந்த ஒருவர், "என் மனைவி மாண்பு மிக்கவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் என் எண்ணப்படி நடப்பவர்கள், வேந்தன் தீயன செய்யாமல் காக்கிறான், என் ஊரில் அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர்" என்று நன்றியோடு எண்ணிச் சொல்கிறார். ஆகவே துன்பமே தீண்டாத மனிதரின் மனநிறைவு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: அவர் சொன்னவற்றில் பொன்னோ நிலமோ இல்லை, எல்லாம் மனிதர்கள். நம் காலத்தில் ஊர் முழுதும் சான்றோராக அமையாது. நல்லவர் இருவர் மூவரை அடையாளம் கண்டு, அவர்களோடு பழக்கத்தை விடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

கேள்வி (மலேசியா, ஈப்போ): நன்கணியார் ஆசீவகரா, அதாவது ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவரா?

பதில்: அப்படிக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. புறநானூற்றில் அவர் பெயரில் இருப்பது இந்த ஒரு பாடலே என்பதால், அதை மட்டும் கொண்டு அவருடைய சமயத்தை நான் முடிவு செய்யமாட்டேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): பல மாதங்களாக எதிலும் இனிமை தெரியவில்லை. "இடுக்கண் வருங்கால் நகுக" என்று எழுதி ஒட்டிவைத்தும் பயனில்லை.

பதில்: அம்மா, அந்தக் குறள் ஒரு செயலை மேற்கொண்டவர் இடையில் வரும் தடையால் தளராமல் இருப்பதற்காக, இடுக்கணழியாமை அதிகாரத்தில் சொல்லப்பட்டது. நீங்கள் சொல்வது வேறு. பல மாதங்கள் எதிலும் விருப்பமின்றி இருப்பது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருத்துவமும் மனநல ஆலோசனையும் பயன் தருகின்றன. செய்யுளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இந்த வாரமே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வு பெற்றவர்): எனக்கு வயதாகிவிட்டது. பிறருக்கு உதவ உடலிலும் வலுவில்லை, கையிலும் பணமில்லை. நான் காணக்கூடிய இனியது என்ன?

பதில்: ஐயா, நன்கணியார் பாடலுக்கு அடுத்த பாடலைப் புரட்டிப் பாருங்கள். 195ஆம் பாடலில் நரிவெரூஉத்தலையார், மீன்முள் போன்ற நரையும் சுருங்கிய கன்னமும் உடைய முதியவர்களை நேராக அழைத்துப் பேசுகிறார். அவர் குரல் கடுமையானதுதான். பயனில்லாத மூப்பு என்றே சொல்கிறார். ஆனால் அவர் கேட்பது மிகச் சிறியது: "நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும், அல்லது செய்தல் ஓம்புமின்." நல்லது செய்ய முடியாவிட்டாலும் தீயது செய்யாமல் இருங்கள், எல்லோரும் மகிழ்வதும் அதுவே, நல்வழியில் சேர்ப்பதும் அதுவே என்கிறார்.

படுக்கையில் இருப்பவராலும் இது முடியும். மருமகளைப் பற்றி வந்தவரிடம் குறை சொல்லாமல் இருப்பது, பேரனின் தோல்வியைக் குத்திக்காட்டாமல் இருப்பது, சொத்துப் பேச்சில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு எதிராகத் திருப்பாமல் இருப்பது ஆகிய இவையெல்லாம் வீட்டுக்குள் பெரிய காரியங்கள். உங்களுக்குக் கண்பார்வை நன்றாக இருந்தால், புறநானூறு 182 முதல் 195 வரை உள்ள பாடல்களை உரையோடு மெதுவாகப் படியுங்கள்; 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்துத் தந்த பிறகு நல்ல உரைகள் பல வந்துவிட்டன. பார்வை குறைந்திருந்தால் பேரனையோ பேத்தியையோ படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத அடிகளை எனக்கு எழுதி அனுப்பினால், அடுத்த முறை அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.