பீங்கான் புதிது, குழாய் பழையது: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நெடுநாளாகப் புழக்கத்தில் இருந்த எங்கள் வெஸ்டர்ன் க்ளோசெட்டில் விரிசல் விழுந்துவிட்டது. புதியது வாங்க எண்ணுகிறோம். ஆனால் தரைக்குள் இருக்கும் பழைய வார்ப்பிரும்புக் கழிவுக்குழாயைத் தோண்டி மாற்ற விருப்பமில்லை. கடையில் பிடித்ததை வாங்கிவந்தால் அந்தக் குழாயோடு பொருந்திவிடுமா? பழைய இணைப்பைச் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். புதியதற்கும் அப்படியே செய்யலாமா?

பதில்: பிடித்ததை வாங்கிவிட்டுப் பிறகு குழாயைப் பார்ப்பதால்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன. கடைக்குப் போகும் முன்பே அளவெடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவுக்கு டிராப் என்று பெயர். அதிலிருந்து கழிவு நேராகத் தரைக்குள் இறங்கினால் அது எஸ் டிராப். பின்பக்கச் சுவருக்குள் சென்றால் அது பி டிராப். எஸ் டிராப் என்றால், டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரின் முகத்திலிருந்து தரைக்குழாய் வாயின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சுமார் 100, 225, 300 மி.மீ. ஆகிய தூரங்களுக்கு ஏற்றவை. குழாய் 225 மி.மீ. தொலைவில் இருக்கும்போது 300 மி.மீ. க்ளோசெட்டை வாங்கினால், சுவரைக் குடைந்தால் ஒழிய அது உட்காராது. மாறாக, 300 மி.மீ. தொலைவில் உள்ள குழாய்க்கு 225 மி.மீ. க்ளோசெட் உட்காரும், தொட்டிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விழும், அவ்வளவுதான். பி டிராப் என்றால் தரையிலிருந்து சுவர்க்குழாயின் நடுப்புள்ளி வரை உள்ள உயரம் முக்கியம். பல மாடல்களில் இது 180 முதல் 185 மி.மீ. வரை இருக்கும். பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டும் எண்ணம் இருந்தால், தரை உயரும் அளவுக்கு க்ளோசெட்டின் வாயும் உயர்ந்து, சுவர்க்குழாயோடு நேர்கோட்டில் நில்லாமல் போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுத்தது குழாயின் உள்விட்டம். வார்ப்பிரும்புக் குழாய் பெயருக்கு 4 அங்குலம் என்றாலும், உட்சுவரில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து வாய் குறுகியிருப்பது வழக்கம். வாய்ப்பகுதியை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே அளந்து, அந்த அளவுக்கு ஏற்ற ரப்பர் கனெக்டரை வாங்க வேண்டும். இதன் ஒரு முனை க்ளோசெட்டின் வாயைக் கவ்விக்கொள்ளும். ரப்பர் இதழ்கள் உள்ள மறுமுனை குழாய்க்குள் இறங்கி உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். நடுப்புள்ளிகள் சற்றே விலகியிருந்தால், 20 அல்லது 40 மி.மீ. விலகலைச் சமாளிக்கும் ஆஃப்செட் கனெக்டர்களும் உண்டு. மடிப்பு மடிப்பாக நீளும் வகையைக் கடைக்காரர் எளிது என்று சொல்லித் தரக்கூடும். அதன் மடிப்புகளில் கழிவு தங்கும் என்பதால், வேறு வழியே இல்லாத இடத்தில், இயன்ற அளவு குட்டையாக மட்டும் பயன்படுத்துவது நல்லது. எந்தக் கனெக்டர் ஆனாலும், கிடைமட்டமாகச் செல்லும் பகுதி குழாயை நோக்கிச் சரிந்தே இருக்க வேண்டும்; 1 மீட்டருக்கு 25 மி.மீ. என்ற சரிவு போதுமானது.

சிமென்ட் இணைப்பு வேண்டாம். பீங்கானும் இரும்பும் சிமென்டும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. மேலே ஆள் உட்கார்ந்து எழும் அசைவும் சேர்ந்துகொள்ள, நெகிழ்வே இல்லாத அந்தப் பூச்சு நாளடைவில் மயிரிழை அளவு வெடித்து, கசிவுக்கும் நாற்றத்துக்கும் வழிவிடுகிறது. உங்கள் க்ளோசெட்டில் விழுந்த விரிசலுக்கும் அத்தகைய இறுக்கமே காரணமாக இருந்திருக்கலாம்.

பழையதைக் கழற்றும்போது தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியையும் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் காலிசெய்துவிடுங்கள். பூச்சைச் சிற்றுளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டியெடுக்க வேண்டும். ஏதேனும் ஒன்று உடைந்தே தீரும் என்ற நிலை வந்தால் பீங்கான் உடையட்டும். வார்ப்பிரும்பு ஓங்கி அடித்தால் நெளியாது, பிளந்துவிடும். அதன் வாய் பிளந்தால் தரையைத் தோண்டாமல் சரிசெய்ய இயலாது. பீங்கான் சில்லுகள் கண்ணாடியைப் போல வெட்டும் என்பதால் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு அவசியம். க்ளோசெட் வெளியே வந்தவுடன் குழாய் வாயில் துணியை அடைத்துவிடுங்கள். அங்கிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் கலந்திருக்கும். துணியை ஒரு கயிற்றில் கட்டி அடைப்பது நல்லது, இல்லாவிட்டால் அது உள்ளே விழுந்து புது வேலை வைக்கும்.

கனெக்டரைப் பொருத்தும்போது ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுப்பவை. தரைத் துளையில் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் உறை) அடித்து, க்ளோசெட்டைத் திருகாணியால் பிணைக்கவும். வாஷர் வைத்து, ஆட்டம் நிற்கும் வரை மட்டும் முடுக்கினால் போதும். பிறகு நாலைந்து முறை ஃப்ளஷ் செய்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அடிவிளிம்பில் சிலிக்கான் பூசலாம். பின்பக்கம் சிறிது இடத்தைப் பூசாமல் விடச் சொல்வேன். பின்னாளில் உள்ளே கசிந்தால் அந்த இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: குந்தி அமரும் பழைய பீங்கானை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வெஸ்டர்ன் க்ளோசெட் வைத்தோம். பழைய டிராப் நன்றாக இருப்பதாகச் சொல்லி, பிளம்பர் அதன் மேலேயே புதியதை இணைத்தார். இப்போது ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் குபுகுபுவென்று சத்தமிட்டு மெதுவாகவே இறங்குகிறது. க்ளோசெட்டைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: க்ளோசெட் மீது குற்றமில்லை. பழைய பீங்கானுக்கு டிராப் தனியாகத் தரைக்குள் இருக்கும்; வெஸ்டர்ன் க்ளோசெட்டிலோ அது பீங்கானோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு டிராப்புகள் வரிசையாக உள்ளன. இரண்டிலும் தண்ணீர் தேங்கி நிற்பதால் நடுவில் காற்று சிறைப்படுகிறது. ஃப்ளஷ் செய்யும்போது வரும் நீர் அந்தக் காற்றைத் தள்ள முடியாமல் தயங்குவதைத்தான் சத்தமாகக் கேட்கிறீர்கள். ஆசிட் ஊற்றுவதாலோ கம்பி விடுவதாலோ இது தீராது. க்ளோசெட்டைக் கழற்றி, தரைக்குள் உள்ள டிராப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 110 மி.மீ. பிவிசி பெண்ட் (வளைந்த இணைப்புக் குழாய்) வைத்துக் கழிவுக்குழாயோடு நேரடியாக இணைக்க வேண்டும். தரையை உடைக்கும் வேலைதான்; ஆனாலும் தள்ளிப்போட்டால் அடைப்பு வந்த நாளில், அவசரத்தில், இதே தரையை உடைக்க நேரும்.

கேள்வி: தண்ணீரைச் சேமிக்க, பழைய க்ளோசெட்டை வைத்துக்கொண்டு தொட்டியை மட்டும் 3/6 லிட்டர் இரட்டை ஃப்ளஷ் (பாதி அழுத்தத்துக்கு 3, முழு அழுத்தத்துக்கு 6 லிட்டர்) வகைக்கு மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பழைய க்ளோசெட்டுகளில் பல, 10 லிட்டரோ அதற்கு மேலோ ஒரே வீச்சில் வரும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. 6 லிட்டரில் அவை முழுவதும் காலியாகாமல், இரண்டாம் முறை அழுத்த வேண்டிவரும். சேமிப்பு அங்கேயே போய்விடும். க்ளோசெட்டும் தொட்டியும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக, சேர்ந்தே மாற்றப்பட வேண்டும்.