நகையை மாற்றி மாற்றி வைத்து முனைவர் பட்டம் வாங்க வேண்டுமா?

கேள்வி: பெருந்துறை பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 31, சம்பளம் 18,000 ரூபாய். எம்.காம்.மில் 63 சதவீதம். இரண்டரை வருடத்துக்கு முன் பகுதி நேரப் பி.எச்டி.க்குப் பதிவு செய்தேன். ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகளின் கடன் பழக்கம்தான் ஆய்வுத் தலைப்பு. ஃபீஸ், பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) வெளியிடும் செலவு எல்லாவற்றுக்கும் பைனான்ஸில் நகை வைத்தேன். வருடா வருடம் மாற்றி வைத்து, வட்டியையும் அதிலேயே சேர்த்து, மேற்கொண்டும் வாங்கியதில் இப்போது இரண்டு ரசீதில் 9 பவுனும் 3,40,000 கடனும் நிற்கிறது. வட்டி நூற்றுக்கு ஒண்ணரை ரூபாய். இதில் 50,000 எங்கள் மாமாவின் விசைத்தறிக்குக் கொடுத்தது. இப்போது ஒரு கன்சல்டன்சிக்காரர் 2,80,000 கொடுத்தால் பேப்பரும் தீசிஸும் ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன், தாமதித்தால் பதிவு ரத்தாகிவிடும் என்கிறார். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்தை மாமா ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பதிலுக்கு என் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துத் தரச் சொல்கிறார் (20 மாதச் சீட்டு, 13 கட்டியாகிவிட்டது). உடன் வேலை செய்பவரோ, நகைக் கடன் வாங்கி ஸ்மால்கேப் எஸ்.ஐ.பி. (சிறு நிறுவனப் பங்கு ஃபண்டில் மாதாமாத முதலீடு) போட்டால் வட்டியைத் தாண்டி லாபம் வரும் என்கிறார். ஜே.ஆர்.எஃப்.புக்கு (ஆய்வு மாணவருக்கு மாதாமாதம் தரும் மத்திய அரசு உதவித்தொகை) 30 வயது தாண்டிவிட்டதால் அந்தப் பக்கம் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: வேண்டாம் அம்மணி. அந்த 2,70,000 கடனை எந்த வட்டிக்கும் வாங்காதீர்கள்.

உங்களைக் கெடுப்பது ஆய்வு அல்ல, நகையை மாற்றி வைக்கும் பழக்கம். உங்கள் கணக்கையே பிரித்துப் பாருங்கள். பதிவும் செமஸ்டர் ஃபீஸும் சுமார் 90,000. கோர்ஸ் வொர்க், தேர்வு, போக்குவரத்து 40,000. இரண்டு பேப்பருக்கு 60,000. ஆக ஆய்வுக்குப் போனது தோராயமாக 1,90,000. மாமாவின் தறிக்கு 50,000. இரண்டும் சேர்ந்தால் 2,40,000. கடனோ 3,40,000. மீதி ஒரு லட்சம் எந்தக் காரியத்துக்கும் போகவில்லை, மாற்றி வைக்கும்போதெல்லாம் அசலில் ஏறிய வட்டி அது. தங்கம் விலை ஏற ஏற அதே நகைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதனால்தான் வட்டி கட்டாமலே நாள் ஓடுகிறது, வலியும் தெரியவில்லை.

இப்போதே மாத வட்டி 5,100. அட்வான்ஸ் போக மாமா வாங்கித் தரும் 2,70,000க்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 5,400. இரண்டும் சேர்ந்து 10,500. சீட்டு 5,000. 18,000 சம்பளத்தில் கையில் நிற்பது 2,500. அதில் பஸ் காசுக்கு மேல் என்ன மிஞ்சும்?

கன்சல்டன்சிக்காரர் சொன்ன அவசரம் பொய். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு நீட்டிப்பு வாங்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு உண்டு. நீங்கள் இரண்டரை ஆண்டில் நிற்கிறீர்கள், சாதாரணக் கணக்கிலேயே இன்னும் மூன்றரை ஆண்டு கையில் இருக்கிறது. அதே விதிகளில் பேப்பர் வெளியிட்டே தீர வேண்டும் என்ற பொது நிபந்தனையும் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தன் ஒழுங்குமுறையில் கேட்கலாம், அதை நெறியாளரிடம் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். கேட்டாலும், எழுதியவரிடம் காசு வாங்காத நல்ல இதழ்கள் வணிகவியலில் இருக்கின்றன. அவற்றில் நாள் பிடிக்கும், பணம் பிடிக்காது.

விலைக்கு வாங்கும் தீசிஸில் உள்ள ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. யு.ஜி.சி.யின் 2018 விதிகளில், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை பரவாயில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 தாண்டினால் ஓராண்டு தடை, 60 தாண்டினால் பதிவே ரத்து. இப்படி எழுதிக் கொடுப்பவர் ஒரே பத்தியை நாலு பேருக்கு வைத்தால், முதலில் சமர்ப்பித்தவர் தப்புவார், பின்னால் வருபவர் மாட்டுவார். ஆய்வேடு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். பட்டம் வாங்கிப் பத்து வருடம் கழித்து மாட்டினாலும் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம்.

இனி வயது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் இந்த உதவித்தொகைக்கும் நடக்கும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப்.புக்கு 30 வயது என்பது பொதுக் கணக்கு. பெண்களுக்கும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. உங்களுக்கு 35 வரை வாசல் திறந்திருக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது.

தொகையைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். என்று 42,000. விடுதியில் தங்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. வணிகவியல் போன்ற பாடங்களுக்கு இதரச் செலவுக்கு முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. முழு ஐந்தாண்டுக்கு உதவித்தொகை மட்டும் 24 லட்சம். உங்களுக்கு முழுக்காலமும் வராது, ஆய்வேடு சமர்ப்பிக்கும் வரைதான். மூன்று ஆண்டு என்று வையுங்கள்: 8,88,000 கூட்டல் 5,04,000, ஆக 13,92,000. உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. இப்போதைய சம்பளத்தில் மூன்று ஆண்டில் வாங்குவது 6,48,000.

ஜே.ஆர்.எஃப். கிடைப்பது எளிதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தேர்வில் உட்காரும் செலவு மிகக் குறைவு. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 35 வயதுக்குள் ஐந்தாறு முறையாவது எழுதலாம். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஆகவே ஒன்றையும் விடாமல் குறியுங்கள். வணிகவியல் ஆசிரியர்கள் இரண்டாம் தாளில் தேறிவிட்டு முதல் தாளில் கோட்டை விடுகிறார்கள். தரவு விளக்கம், தர்க்கம், ஆய்வு முறையியல் மூன்றையும் தினம் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாள் வைத்துப் போடுங்கள். அதற்கு 30,000 கோச்சிங் தேவையில்லை.

ஓ.பி.சி. என்றால் ஒரு இடத்தில் கவனம். பள்ளியில் வாங்கிய பி.சி. சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் புதிதாக வாங்க வேண்டும். விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் தேதிக்குள் கைக்கு வராது. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. தேசிய உதவித்தொகைக்கும் விருப்பம் கேட்கும் கட்டம் வரும், அதில் ஆம் என்று குறியுங்கள். ஜே.ஆர்.எஃப். பட்டியலில் வராமல் நெட் மட்டும் தேறியவர்களுக்கு அதில் இடம் இருக்கிறது, தொகை ஜே.ஆர்.எஃப். அளவேதான். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

அதுவும் வராவிட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் உதவித்தொகை இருக்கிறது, சமூக அறிவியலோடு வணிகவியலும் அதில் சேரும். ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்துக் கொடுக்கும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையின் அறிவிக்கையையும் படியுங்கள். கூடப்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பெண்ணாக இருந்தால், நெட் இல்லாமலே யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஃபுலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இவையெல்லாம் முழுநேர ஆய்வாளருக்குத்தான்.

முழுநேரத்துக்கு மாறுவதில்தான் பலர் தவறுகிறார்கள். முடிவு வந்த மகிழ்ச்சியில் வேலையை விட்டுவிடாதீர்கள். முதலில் நெறியாளரின் ஒப்புதல், அடுத்து ஆய்வுக் குழுவின் தீர்மானம், பிறகு பல்கலைக்கழக ஆணை. உங்கள் ஆய்வு மையத்துக்கு முழுநேர ஆய்வாளரை ஏற்கும் அங்கீகாரம் உண்டா என்பதையும் கேளுங்கள். ஆணை கைக்கு வந்த பிறகு ராஜினாமா. கல்லூரியில் அசல் சான்றிதழ்கள் இருந்தால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பணியிலிருந்து விடுவித்த நாளுக்கு மறுநாள் முழுநேரமாகச் சேருங்கள். ஒரே நாளுக்குச் சம்பளமும் உதவித்தொகையும் வந்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

பணமும் ஒன்றாம் தேதி டாணென்று வராது. நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். அந்த எழுத்தர் விடுப்பில் போனால் உங்கள் பணமும் நிற்கும். இரண்டு ஆண்டு முடிந்ததும் வெளி வல்லுநரோடு கூடிய குழுவின் மதிப்பீடு நடந்து, அந்தப் படிவம் ஏறினால்தான் 42,000. மூன்று மாதச் செலவைத் தனியே வைத்திருக்காதவர்கள் இந்த இடைவெளியில்தான் மறுபடி அடகுக் கடைக்குப் போகிறார்கள்.

இனி ரசீதுகள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று 4 பவுன், 1,00,000. இன்னொன்று 5 பவுன், 2,40,000. சீட்டை எடுங்கள், ஆனால் மாமாவுக்கு அல்ல. இவ்வளவு பிந்திய ஏலத்தில் தள்ளு போக 92,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். மேலே 8,000 போட்டு, அந்த மாத வட்டியையும் கட்டி, முதல் ரசீதைத் திருப்புங்கள். அந்த 4 பவுனை அன்றைக்கே வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். கல், அரக்கு கழித்த நிகர எடை ரசீதில் இருக்கும், அதைச் சொல்லி எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இன்றைய தங்க விலையில் 2,40,000க்குப் பக்கத்தில் வந்துவிடும். குறைந்தால் அம்மாவின் மகளிர் குழுவில் சின்னத் தொகை கேட்கலாம். அதைக் கொண்டு இரண்டாவது ரசீதைத் திருப்புங்கள்.

இப்போது 5 பவுன் வீட்டில். கடன் 2,40,000, வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாதம் 2,000. மாதம் 3,100 மிச்சம். உங்கள் செமஸ்டர் ஃபீஸ் ஆண்டுக்குச் சுமார் 30,000, அதாவது மாதம் 2,500. உதவித்தொகை எதுவும் வராமல் பகுதி நேரமாகவே தொடர்ந்தாலும் இந்த மிச்சத்திலேயே ஃபீஸ் ஓடும். சீட்டுத் தவணை இன்னும் ஏழு மாதம்தான், அது முடிந்ததும் அந்த 5,000 அசலுக்குப் போகட்டும். வங்கியிலும் ஆண்டு முடிவில் மாற்றி வைத்துத் தருகிறோம், கூடுதலாகவும் தருகிறோம் என்பார்கள். வட்டியைக் கையிலிருந்து கட்டுங்கள், ஒரு ரூபாய் கூடுதலாக வாங்காதீர்கள். அசல் குறையவே இல்லை என்றால், போடாத பழைய சங்கிலியை விற்று அடையுங்கள். மனசு கேட்காது, தெரியும். பெட்டியில் கிடக்கும் சங்கிலி உங்களுக்குச் சம்பாதித்துத் தரப் போவதில்லை.

எஸ்.ஐ.பி. யோசனைக்கு ஒரே பதில். 18 சதவீத வட்டி நிச்சயம், ஸ்மால்கேப் லாபம் நிச்சயமில்லை. கடன் வாங்கி அதில் போடச் சொல்பவர் அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

கன்சல்டன்சிக்குக் கொடுத்த 10,000ஐத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். தராவிட்டால் அத்தோடு விடுங்கள். தீசிஸ் வேலைக்காக அவர்களிடம் கொடுத்த ஆய்வுக் கேள்விப் பட்டியல், மண்டி விவரங்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மாமாவிடம் சீட்டுப் பணம் நகை திருப்பப் போய்விட்டது என்று சொல்லி, திருப்பிய ரசீதைக் காட்டுங்கள். தறிக்குக் கொடுத்த 50,000க்கும் மாதம் 750 வட்டி இதுவரை உங்கள் கடனில்தான் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, அத்தை கூட இருக்கும்போது அவர் கையில் கொடுங்கள்.